பதினான்காவது நிமிடம்

பதினெட்டு வருஷம் கல்குவாரியில் வெடி வைத்த ஒருவனுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தால், பார்க்கிறவர்களுக்குத் தானாக ஒரு மரியாதை வந்துவிடும். வெடிக்காரனுக்கு அந்த மரியாதை இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்ப்பார்கள். அவனுக்கும் அது தெரியும். பேசும்போது கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவான்.

"இங்க வெடிக்கிறது நான், வீட்டுல வெடிக்கிறது உங்கக்கா" என்பது மச்சினனிடம் அவன் தினமும் சொல்லும் ஜோக். மச்சினன் தினமும் அதற்குச் சிரிப்பான். அந்த மச்சினனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பாறையில் துளை போடுவது அவன் வேலை. நெட்டை துளை போட, வெடிக்காரன் அதில் வெடிமருந்து திணித்துத் திரி வைக்க, ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே பாறை, ஒரே சாப்பாட்டுத் தூக்கு. வெடிக்காரனின் மனைவிக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். புருஷன் வேலை செய்யும் இடத்திலேயே தம்பிக்கும் வேலை கிடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குவாரியில் இன்னொரு வெடிக்காரன் இருந்தான். ஒரு நாள் மதியம் வெடிக்காத குழி ஒன்றைக் குனிந்து பார்க்கும்போது அது வெடித்தது. மற்றவர்கள் தூர நின்று வாயைப் பொத்திக்கொண்டிருக்க, இவன்தான் போய்ப் பொறுக்கினான். ஒரு பூட்ஸைத் தூக்கியபோது கனமாக இருந்தது. உள்ளே கால் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் கை நடுங்க ஆரம்பித்தது. ராத்திரியில் கண்ணை மூடினால் அந்த பூட்ஸின் கனம் கையில் வந்து உட்காரும். பொக்லைன் ஓட்டுகிற ஆள் ஒரு பொட்டலத்தை நீட்டினான். "ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் படுண்ணே. பச்சைக் குழந்தை மாதிரி தூங்குவே." தூங்கினான். கஞ்சாவின் மேல் அவனுக்கு அன்றைக்கே நன்றி வந்துவிட்டது.

முதலில் தூங்கும் முன். அப்புறம் வேலை முடிந்ததும். அப்புறம் மருந்து திணிக்கும் முன்னால், துளைக் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஷெட்டின் பின்பக்கத்தில். பயந்த கைதான் தப்புச் செய்யும், என் கையில் இப்போது பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நடுக்கமும் நின்றுதான் போயிருந்தது. ஆனால் நடுக்கத்தோடு வேறு சிலவும் போயின. ஒரு குழி வெடிக்காவிட்டால் அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்பது சட்டம். ஒரு தடவை இருபது நிமிடத்தில் போனான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை திரியை ஒரு சாண் குறைத்து வெட்டினான். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அவன் பக்கம் சாட்சி சொல்ல வந்து நின்றது.

நெட்டைக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் ஷெட்டின் பின்னால் வந்து, மாமன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிச் சேற்றுத் தண்ணீரில் வீசினான்.

"வீட்டுல என்ன வேணா பண்ணுங்க மாமா. மருந்து மேல உட்கார்ந்துகிட்டு இது வேணாம்."

வெடிக்காரன் கையை ஓங்கி அறைந்தான். நெட்டை மாமன் என்றும் பார்க்காமல் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேரும் கல்தூளில் உருண்டார்கள். வெடிக்காரனின் முழங்கை பட்டு நெட்டையின் மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். மூச்சு வாங்க எழுந்து நின்ற நெட்டை, ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "அக்காகிட்ட கம்ப்ரசர் கைப்பிடி அடிச்சிருச்சின்னு சொல்றேன். அவளுக்காக."

அப்படியே சொன்னான். அவளும் நம்பி, மஞ்சளாக வீங்கிய மூக்குக்கு ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாள் வேறு பொட்டலம் வாங்கினான்.

சம்பவம் நடந்தது அதற்கு எட்டாவது நாள். காலையில் பத்துக் குழி. வெடிக்காரன் ஷெட்டுக்குப் பின்னால் போய் வழக்கத்தை விட இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டு வந்தான். திரிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் பற்றவைத்துவிட்டு, இவனும் நெட்டையும் பள்ளத்துக்குள்ளேயே இருக்கிற கான்கிரீட் மறைவுக்கு ஓடினார்கள். மற்ற ஆட்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம், லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் இடத்தில் இருந்தார்கள்.

வெடிக்காரன் சத்தம் போட்டு எண்ணினான். ஒன்பது வரை வந்தது. பத்து வரவில்லை.

பள்ளம் முழுக்கத் தெரியும்படி மேட்டின் மேலிருந்த எடைமேடை ரூமில் ஒரு பெண்மணி வேலை பார்த்தாள். லாரிகளை எடை போடுவதும், சைரன் அடிப்பதும், வெடி வைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவதும் அவள் பொறுப்பு. ஒலிபெருக்கியில் அவள் போடும் அதட்டலுக்குப் பயந்து எல்லோரும் அவளை மைக்கக்கா என்பார்கள். ஒன்பது சத்தத்தை அவளும் எண்ணினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

மறைவில் உட்கார்ந்திருந்த வெடிக்காரனுக்கு நேரம் ரப்பர் மாதிரி இழுபட்டது. செல்போனோ கடிகாரமோ பள்ளத்துக்குள் கொண்டுவரக் கூடாது. எதிரே பாறையின் வெட்டு முகத்தில் வெயில் ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னியது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டோம் என்று தோன்றியது. அரை மணி நேரமென்ன, முக்கால் மணியே ஆகியிருக்கும். யோசித்துக் கணக்குப் போட்டு வந்த முடிவில்லை அது. தாகம் எடுப்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

எழுந்து மறைவை விட்டு வெளியே வந்தான்.

"மாமா, ஆச்சா அதுக்குள்ள?" என்றான் நெட்டை.

"எப்பவோ ஆச்சு. வா."

அப்போது மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. "யார்யா அது வெளிய வர்றது? பதினொரு நிமிஷம்தான் ஆச்சு! உள்ள போங்க! பதினொரு நிமிஷம்!"

வெடிக்காரனுக்கு அது தெளிவாகக் கேட்டது. கையைத் தூக்கி, சரி சரி, பேசாமல் இரு என்பது போல ஆட்டினான். "அந்தக்கா கடிகாரத்துக்குச் செல் போட்டு எத்தனை மாசமாச்சோ. இன்னிக்குப் பூரா உட்கார வெச்சிடும் நம்மள."

நெட்டை மாமன் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு வருஷத்து வெடிக்காரன். முகத்தில் துளிகூடக் குழப்பமில்லை, கை நடுங்கவில்லை. உடைந்த மூக்கின் சண்டை வேறு இன்னும் இருவருக்கும் நடுவில் கிடந்தது. மறுபடி ஒரு தடவை வாதாட அவனுக்கு மனசு வரவில்லை போல. பின்னாலேயே வந்தான்.

பாதி வழியில் வெடிக்காரன் நின்றான். காலடியில் உடைந்து கிடந்த ஒரு கல்லுக்குள் நரம்பு நரம்பாக வெள்ளை ஓடியிருந்தது. குனிந்து அதைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று பின்னால் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை.

"நீங்க இருங்க, எந்தக் குழின்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நெட்டை அவனைத் தாண்டிப் போனான்.

வெடி நெட்டையின் முழங்காலுக்கு நேராக வந்தது. வெடிக்காரனை ஒரு கல் தோளில் அடித்து மல்லாத்தியது. எழுந்து பார்த்தபோது புகையும் தூளும். அதற்குள்ளே நெட்டை உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான் மிச்சம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், இரண்டு கையையும் தரையில் ஊன்றி, எழுந்திருக்கப் பார்த்தான். வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கல்தூள் அவன் ரத்தத்தைக் குடித்துக் கருத்தது.

வெடிக்காரனின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"பத்து."

மேட்டைத் தாண்டி ஓடி வந்த ஆட்களில் முன்னால் வந்தவன் அதே பொக்லைன்காரன். அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. பிறகு இவனுடைய சிவந்த கண்ணைப் பார்த்தான். தான் கொடுத்த முதல் பொட்டலம் அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ, மண்வெட்டிக் காம்பால் வெடிக்காரனின் விலாவில் ஓங்கி ஒன்று போட்டான். "எண்ணுறியா? எண்ணிக்கிட்டு நிக்கிறியா நீ?" அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பூட்ஸ் கால்கள் முதுகிலும் வயிற்றிலும் இறங்கின. ஒருவன் அவன் முகத்தைக் கல்தூளில் வைத்துத் தேய்த்தான். வலி எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. மேனேஜர் வந்து நான்கு பேரை இழுத்துத் தள்ளியிராவிட்டால் அன்றைக்கு இரண்டு பிணம் விழுந்திருக்கும்.

போலீஸ் வந்தது, நெட்டையைத் துணியில் சேர்த்து எடுத்துப் போனார்கள். மதியம் மூன்று மணிக்கு மேனேஜர் வெடிக்காரனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நீ கஞ்சா போட்டிருந்தேன்னு வெளிய தெரிஞ்சா குவாரிக்கு உரிமம் போயிடும். உனக்கு ஜெயில். எனக்கும்தான், தெரிஞ்சும் விட்டுட்டேன்னு. மைக்ல அந்தம்மா ஏதோ சொன்னது எல்லாருக்கும் கேட்டிருக்கு. லாரிச் சத்தத்துல என்ன சொன்னான்னு ஒருத்தனுக்கும் புரியல. புரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒருத்தன் போயிட்டான்."

வெடிக்காரன் அவரைப் பார்த்தான்.

"அரை மணி ஆச்சு, போகலாம்னு அவ சொன்னா. அதனாலதான் நீங்க போனீங்க. கடிகாரத்தைத் தப்பாப் பார்த்துட்டா, பாவம். வேலை போகும், வேற ஒண்ணும் ஆகாது." மேனேஜர் மேசை மேலிருந்த பதிவேட்டைத் திறந்து அன்றைய பக்கத்தைக் கிழித்தார். "என்ன சொல்றே?"

போதை இறங்கிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. தலை தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவான தலையைத்தான் அவன் ஆட்டினான், சரி என்று.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் மனைவி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை தீர்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அண்ணன், லாரி ஓட்டுகிறவர், இரவு முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். மேனேஜர் அவரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது பெரிய மச்சானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அந்தப் பொம்பளை இன்னிக்கு வேலைக்கு வந்திருக்காளா?"

"தெரியல மச்சான்" என்றான் வெடிக்காரன்.

"வா. நீ இருக்கும்போதே கேக்கணும் அவளை."

லாரியில் ஏறினார்கள். இருவருக்கும் நடுவில், சீட்டின் மேல், சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர் கிடந்தது. ஒரு கை நீளம் இருக்கும். வளைவுகளில் அது உருண்டு வந்து வெடிக்காரனின் தொடையில் இடித்தது. பெரிய மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வந்தார். "சின்ன வயசுல என் தோள் மேல உட்கார்ந்துதான் வருவான். இறங்கவே மாட்டான். நெட்டையா வளர்ந்தப்புறம்கூட ஒரு நாள் ஏறிப் பார்த்தான் பய. ரெண்டு பேரும் விழுந்தோம்." கியரை ஓங்கித் தள்ளினார்.

குவாரிக்கு இருபது நிமிடப் பயணம். வெடிக்காரன் வாயைத் திறக்க நினைத்தான். அடுத்த சிக்னலில் சொல்லிவிடலாம். பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம். ஒருவேளை அவள் வந்திருக்க மாட்டாள். பெரிய மச்சான் திட்டுவதோடு விட்டுவிடுவார். ஸ்பேனர் இன்னொரு தடவை வந்து இடித்தது. அவன் அதை மெல்லத் தள்ளி வைத்தான்.

மைக்கக்கா வந்திருந்தாள். பதிவேட்டில் பக்கம் கிழிந்திருப்பதைப் பார்த்து மேனேஜரிடம் சண்டை போடத்தான் வந்திருந்தாள். லாரி எடைமேடை மேலேயே வந்து நின்றது. பெரிய மச்சான் கேட்கவெல்லாம் இல்லை. இறங்கிய வேகத்தில் ஸ்பேனரால் ஜன்னல் கண்ணாடியை அடித்தார். கதவை உதைத்துத் திறந்து, அவள் தலைமுடியைப் பற்றி நாற்காலியோடு வெளியே இழுத்தார்.

"என் தம்பியப் போகச் சொன்னது நீதானே? நீதானே சொன்னே?"

"ஐயோ, நான் போகாதேன்னுதான்யா கத்தினேன்! உள்ள போங்கன்னு கத்தினேன்! இந்த ஆளைக் கேளு! நிக்கிறானே, அவனைக் கேளு!"

வெடிக்காரன் லாரிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான். அவள் தலையைக் காத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். ஸ்பேனர் இறங்கியது. முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிவது போல. அவள் கத்தவில்லை. மூச்சு உள்ளே போய் வெளியே வராமல், தொங்குகிற கையையே பார்த்தாள்.

ஸ்பேனர் மறுபடி உயர்ந்தபோதுதான் வெடிக்காரன் ஓடினான். அவள் மேல் விழுந்து மறைத்துக்கொண்டான். "அவங்க சொல்லல! மச்சான், அவங்க சொல்லல! பதினொரு நிமிஷம்னு சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் கஞ்சா போட்டிருந்தேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

பெரிய மச்சானின் கை அந்தரத்தில் நின்றது. புரிய ஒரு நொடி ஆயிற்று.

"எப்போ சொல்றே?" என்றார் மெதுவாக. "இருபது நிமிஷம் என் பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்தியேடா! இந்தம்மா கையை ஒடிச்சப்புறம் சொல்றியா?"

அடுத்த அடி தாடையில். வாய்க்குள் பல்லும் ரத்தமும் கலந்து ஓடின. அதற்கு அடுத்தது முழங்காலில். அதற்கப்புறம் அவன் எண்ணவில்லை. கல் உடைக்கும் கிரஷர் ஆட்கள் ஏழு பேர் சேர்ந்துதான் பெரிய மச்சானைப் பிடிக்க முடிந்தது. பிடித்த பிறகும் அவர் காலால் உதைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எடைமேடை இரும்புத் தகட்டின் மேல் குப்புற விழுந்து, தன் தலையைத் தானே அதில் மோதிக்கொண்டார். ரூமுக்குள்ளே எடை காட்டும் எண்கள் அதற்கேற்ப ஏறி ஏறி இறங்கின.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் வெடிக்காரன் போலீசுக்கு வாக்குமூலத்தை எழுதித்தான் கொடுத்தான். மேனேஜர் பக்கத்தைக் கிழித்ததையும் எழுதினான். பொக்லைன்காரனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குவாரியை மூடினார்கள். மேனேஜருக்கு ஒரு வருஷம், பெரிய மச்சானுக்கு ஆறு மாதம் ஜெயில்.

கோர்ட்டில் மைக்கக்கா சாட்சி சொன்னாள். முறிந்த கை கோணலாகக் கூடியிருந்தது. தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தாள். மணி என்ன, நிமிடம் என்ன என்று பதிவேடு இல்லாமலே சொன்னாள். வெடித்தது பதினான்காவது நிமிடம்.

நீதிபதி வெடிக்காரனிடம் கேட்டார். "ஒலிபெருக்கி உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டதுங்க."

"பிறகு ஏன் போனீர்கள்? அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்லீங்க." தாடை இன்னும் சரியாகத் திறக்காததால் சொற்கள் நசுங்கி வந்தன. "பயமா இருந்து, பரவாயில்லைன்னு துணிஞ்சு போயிருந்தா அது வேற. எனக்குச் சந்தேகமே வரலீங்க. அவங்க சொல்றதுதான் தப்புன்னு நிச்சயமாத் தெரிஞ்சது. இப்ப இந்த மேசை இருக்கிறது எப்படித் தெரியுதோ, அப்படி."

நான்கு வருஷம் கொடுத்தார்கள். கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது மைக்கக்கா எதிரே வந்தாள். அவன் கும்பிடப் போனான். "கையை இறக்குங்க" என்றாள் அவள். "அன்னிக்கு மைக்ல கத்தினேன், கையை ஆட்டினீங்க. அதுக்குப் பதில் சொல்லியாச்சு. அந்த லாரியில வந்தீங்களே, அதுக்கு எனக்கு யாரு பதில் சொல்றது?" நின்று பதில் கேட்கவில்லை, போய்விட்டாள்.

மனைவி சிறைக்கு வந்தது ஐந்தாவது மாதம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொம்ப நேரம் அவன் கைகளையே பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. அவன் அவற்றை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்தப் புகை இல்லாம இருந்திருந்தா, என் தம்பி இருந்திருப்பானா?"

இந்தக் கேள்வியை அவன் ஐந்து மாதமாகத் தனக்குள் கேட்டு, ஒவ்வொரு நாளும் வேறு வேறு பதில் வைத்திருந்தான். ஆம் என்று சொல்வது சுலபம். கஞ்சாவின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு எழுந்து போகலாம்.

"இருந்திருப்பான்" என்றான். "ஆனா அது இல்லாமத்தான் மேனேஜருக்குத் தலையாட்டினேன். அது இல்லாமத்தான் லாரியில வாயை மூடிட்டு வந்தேன்."

"அவன் மூக்கு?"

அவன் நிமிர்ந்தான். "உனக்கெப்படி..."

"கம்ப்ரசர் கைப்பிடி அடிச்சா விரல் தடம் கன்னத்துல விழுமா? ஒத்தடம் குடுத்த எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்க, ஏதோ ஆம்பளைங்க சண்டைன்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும். அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவள் தன் நெற்றியில் இரண்டு தடவை ஓங்கி அடித்துக்கொண்டாள். அவன் எழுந்து வலையில் கையை வைத்தான். காவலர் அதட்டியதும் உட்கார்ந்தான்.

நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த மாசம் வர மாட்டேன். அண்ணன் ஜெயில்ல இருந்து வருது. அதுக்கு நான் இருக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"தெரியல" என்றாள். "நிச்சயமா எதையும் சொல்றதுக்கு எனக்கு இப்பப் பயமா இருக்கு."

அவள் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த கைதி வந்து நாற்காலிக்காக நின்றான். இரண்டு தடவை தோளைத் தட்டிய பிறகுதான் இடத்தை விட்டான்.